கைமாறும் இடத்தில் டெஸ் பார்த்தது

விளையாட்டு அணிகளோடு பயணம் போகத் தொடங்கியிருக்கும் இளம் பிசியோக்களாகிய நீங்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. கடைசியாக செவன் ஹில்ஸில் நாம் கூடியபோதும் அபிராமி அதைக் கேட்டாள்.

“அன்ரி, எல்லா டெஸ்டும் சரியா இருக்கு, ஆனா உங்கட மனம் ஒப்பேல்லை. அப்ப என்ன செய்வீங்கள்?”

அன்று நான் பதில் சொல்லவில்லை. சொல்வதானால் இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்கு அவர்களின் சம்மதம் வேண்டும். இப்போது இருவரும் எழுதச் சொல்லிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் முதலில் மேற்கு சிட்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன். பிறகு செவன் ஹில்ஸில் சொந்தமாகக் கிளினிக் வைத்தேன். வேலையின் பிற்பகுதியில், ஒவ்வொரு குளிர்காலமும் ஆஸ்திரேலியப் பெண்களின் பனிச்சறுக்கு அணியோடு மலைக்குப் போய்வந்தேன். மலையுச்சியிலிருந்து சறுக்கி இறங்கும் விளையாட்டு அல்ல அது. காலில் மெல்லிய நீண்ட ஸ்கீக்களைப் பூட்டி, இரு கைகளிலும் கோல்களை ஊன்றி, ஏற்றம் இறக்கம் எல்லாவற்றையும் சொந்த மூச்சில் கடக்கும் ஓட்டம். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் முக்கால்வாசிப் பேர் பனியில் விழுந்து கிடப்பார்கள். அவர்களில் யார் களைப்பில் கிடக்கிறார், யார் காயத்தில் கிடக்கிறார் என்று பிரித்தறிவதுதான் என் வேலை. அது நினைப்பதுபோல எளிதல்ல. ஓட்டக்காரர்கள் வலியை ஒளிப்பதில் நம்மைவிடத் திறமையானவர்கள்.

ஆஸ்பத்திரிக் காலத்தில் என்னோடு வேலை செய்த ஒருத்தியை இங்கே நினைக்கவேண்டும். பெயர் வேண்டாம். வீட்டுக்குப் போகத் துடிக்கும் நோயாளி, “நான் தனியாக நடக்கிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை” என்று சொல்வார். இவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் போய்ச் சும்மா கதைப்பதுபோல, “காலையில் இவர் குளியலறைக்குத் தனியாகவா போனார்?” என்று கேட்பாள். அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவெடுப்பாள். ஏன் என்று கேட்டேன். “அவர் பொய் சொல்லவில்லை, தனக்கு வேண்டியதைச் சொல்கிறார். பக்கத்துக் கட்டில்காரருக்கு இதில் வேண்டியது ஒன்றுமில்லை” என்றாள்.

நான் சொல்லப்போகும் நாளில் பக்கத்துக் கட்டில்காரிக்கு எல்லாமே வேண்டியிருந்தது.

விக்டோரியாவின் உயர்ந்த மலைகளில் ஒன்றில், குளிர்காலத்தின் நடுவில், ஆகஸ்ட் மாதத்தில் அந்தப் போட்டி நடந்தது. ஜப்பான், நியூசிலாந்து, கொரியா அணிகளும் வந்திருந்தன. அன்று நடந்தது டீம் ஸ்பிரிண்ட். ஓர் அணிக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி ஒரு சுற்று ஓடிவந்து, கைமாறும் இடம் என்று பனியில் கோடு போட்டு அடைத்திருக்கும் பகுதிக்குள், காத்திருக்கும் மற்றவளைக் கையால் தொடவேண்டும். தொட்டதும் மற்றவள் புறப்படுவாள். இப்படி மாறி மாறி ஆளுக்கு மூன்று சுற்று. முதலில் அரையிறுதி, பிறகு கொஞ்ச நேர ஓய்வோடு அன்றே இறுதி. அரையிறுதியில் ஓடிய இருவருமே இறுதியிலும் ஓடவேண்டும். ஒருத்தி விலகினால் அணியே விலகியதாகும்.

எங்களிடம் இரண்டு இணைகள் இருந்தன. இறுதி ஓட்டத்தில் எந்த ஆஸ்திரேலிய இணை முன்னால் வருகிறதோ, அதுவே உலகப் போட்டிக்கு ஐரோப்பா போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஓர் இணைக்கே இடம்.

அந்த இரண்டில் வேகமான இணை ஆரணியும் டெஸ்ஸும்.

ஆரணி நம்முடைய பிள்ளை. அவளுடைய தகப்பன் சிவநேசன் யாழ்ப்பாணத்தில் படித்த பொறியியலாளர். இந்த நாட்டுக்கு வந்ததும் ஸ்னோயி மலைப்பக்கம், கூமாவில், நீர்மின் திட்டத்தில் வேலை கிடைத்தது. அங்கே பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் வலைப்பந்து விளையாடுவதுபோல ஆரணி பனிச்சறுக்குப் பழகினாள். பிறகு குடும்பம் சிட்னியில் கிரவீனுக்குக் குடிமாறியது. அதன்பிறகும் அந்த மனிதர் குளிர்கால வார இறுதி ஒன்றுகூடத் தவறாமல் மகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்வந்தார். எங்கள் வீடு பக்கத்திலே டூங்கபியில். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி இரண்டு குடும்பத்துக்கும் நல்ல பழக்கம். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

டெஸ் மெல்பேர்ணில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஆரணியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். விடியுமுன் சில்லு வைத்த ஸ்கீயில் தெருத்தெருவாகப் பயிற்சி செய்துவிட்டு வகுப்புக்குப் போவாள். இரண்டு தடவை உலகப் போட்டிக்கு மிக அருகில் வந்து தவறவிட்டவள். அந்த வருடத்தோடு நிறுத்தப்போவதாக எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். அதிகம் பேசாதவள். நான் அவள் காலைப் பிடித்துவிடும்போதுகூட மாணவர்களின் சித்திரங்களைப் பற்றித்தான் ஏதாவது சொல்வாள்.

அரையிறுதியில் ஆரணி முதலில் ஓடினாள். எல்லாம் ஒழுங்காகவே போனது. அவளுடைய கடைசிச் சுற்றில்தான், மரங்களுக்குப் பின்னால் இறக்கத்தில் இருக்கும் திருப்பத்தில் விழுந்தாள். வெயில் ஏறி அந்த இடத்துப் பனி இளகியிருந்தது. எங்கள் ஆட்கள் யாரும் விழுந்ததைப் பார்க்கவில்லை. திருப்பத்தில் நின்ற தொண்டர், “விழுந்தாள், உடனே எழும்பி ஓடினாள்” என்று மட்டும் வாக்கி-டாக்கியில் சொன்னார். நான் கைமாறும் இடத்தின் வெளி விளிம்பில் கம்பளி அங்கியோடு நின்றேன். அவள் வந்தபோது மற்ற அணிகளின் பெண்கள் இடையில் மறைத்தார்கள். டெஸ் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது மட்டும் கேட்டது. ஓட்டத்தில் எல்லாரும் எல்லாரையும் கத்திக் கூப்பிடுவார்கள். நான் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

டெஸ் புறப்படும்போது எங்கள் அணி ஐந்தாவது இடத்தில் இருந்தது. முதல் இரண்டு அணிகளுக்குத்தான் இறுதியில் இடம். அதன்பிறகு டெஸ் ஓடிய ஓட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நீண்ட ஏற்றத்தில் ஒருத்தியை முந்தினாள். மேட்டு வளைவில் இன்னொருத்தியை முந்தினாள். கடைசி நேர்ப்பாதையில் நியூசிலாந்துக்காரியோடு தோளுக்குத் தோள் வந்து, காலை நீட்டிக் கோட்டைத் தொட்டாள். இரண்டாம் இடம். எங்கள் மற்ற இணையும் தங்கள் அரையிறுதியில் தேறியிருந்தது.

ஆரணி தன் சுற்று முடிந்த இடத்திலேயே பனியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றிப்பட்டி காணாமல் போயிருந்தது. இடது பக்கத் தலைமயிருக்குள் பனி இறுகிக் கிடந்தது. நான் குனிந்து பார்த்தேன்.

“தலை அடிபட்டதே?”

“இல்லை அன்ரி. தோளிலதான் விழுந்தனான்.”

“மயிருக்குள்ள பனி எப்பிடி வந்தது?”

“உருண்டனான் அன்ரி. பனிக்குள்ள உருண்டா பனி ஒட்டாமல் என்ன செய்யும்? ஐ ஆம் ஓகே.” சிரித்தாள். “டெஸ் எத்தினையாவது வந்தவா?”

இரண்டாவது என்றேன். கண்ணை மூடிக்கொண்டு முகத்தை வானத்துக்குத் திருப்பினாள்.

சிறிய முதலுதவி அறைக்குக் கூட்டிப்போய், தலையில் அடிபட்டவர்களுக்குச் செய்யும் சோதனை முழுவதையும் செய்தேன். அதன் விவரம் உங்களுக்குத் தெரியும், விடுகிறேன். எல்லாவற்றிலும் தேறினாள். சொற்களைத் திருப்பிச் சொன்னாள், ஒற்றைக் காலில் நின்றாள். பதில்கள் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தன. ஆனால் கடும் ஓட்டம் முடித்த எவரும் அப்படித்தான் இருப்பார்கள். போட்டியின் மருத்துவரையும் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, தடை சொல்லும்படி தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றும், அவளை நன்றாக அறிந்தவள் நான் என்பதால் முடிவு என்னுடையது என்றும் சொல்லிவிட்டு, வேறொரு அணியின் கைமுறிவைப் பார்க்கப் போய்விட்டார்.

சந்தேகம் இருந்தால் ஓடவிடாதே என்று நமக்குப் படிப்பிக்கிறார்கள். சரியான விதி. ஆனால் சந்தேகம் எவ்வளவு இருந்தால் என்று ஒருவரும் சொல்லித்தருவதில்லை. விழுந்து எழும்பிய ஒவ்வொருவரையும் நிறுத்தினால் அந்த விளையாட்டே நடக்காது. என் கையில் இருந்தது மயிருக்குள் இருந்த கொஞ்சப் பனியும், தாமதமாக வந்த இரண்டு மூன்று பதில்களும்.

அறைக்கு வெளியே பயிற்சியாளர் காத்திருந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர் அல்ல. “மருத்துவர் தடை சொல்லவில்லை. உன் சோதனையிலும் தேறிவிட்டாள். இன்னும் என்ன பார்க்கவேண்டும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். கொஞ்ச நேரம் கொடுங்கள் என்றேன். அவருக்குப் பின்னால் சிவநேசன் அண்ணை நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“தங்கச்சி, நான் அவளோட கதைச்சிட்டன். அவளுக்கு ஒண்டுமில்லை.”

“பாத்துக்கொண்டுதான் இருக்கிறன் அண்ணை.”

“நான் அவளின்ர தகப்பன். எனக்குத் தெரியாதே?” குரலைத் தணித்தார். “எங்கட சனத்தில ஒரு பிள்ளை இந்த இடத்துக்கு வந்திருக்கு. அதை நீங்களும் யோசிக்க வேணும். வேற ஆரும் தடுத்தா பரவாயில்லை. நீங்கள் தடுத்தா நான் என்னெண்டு தாங்கிறது?”

அவர் சொன்னது என்னைத் தொடவில்லை என்று உங்களிடம் சொன்னால் அது உண்மையாக இராது. அந்தப் பிள்ளை தமிழ்ப் பள்ளி மேடையில் திருக்குறள் ஒப்புவித்ததைக் கைதட்டிக் கேட்டவள் நான். அவள் உலகப் போட்டியில் ஓடுவதைப் பார்க்க எனக்கு அவரைவிடக் குறைந்த ஆசையா? என்னுடைய ஆசையும் சோதனை முடிவை நம்பச் சொல்லியது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

அப்போதுதான் பக்கத்துக் கட்டில் நினைவு வந்தது. விழுந்தபிறகு ஆரணியை முகத்துக்கு முகம் பார்த்த ஒரே ஆள் யார்? அவள் கைதொட்ட ஆள்.

டெஸ், ஸ்கீக்களுக்கு மெழுகு பூசும் குடிசைக்குப் பின்னால் இருந்தாள். இறுதிக்கு உடம்பு குளிர்ந்துபோகாமல், நின்ற இடத்திலேயே மெதுவாகக் கால்களை அசைத்துக்கொண்டிருந்தாள். முகம் இன்னும் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் கால்கள் நின்றன. நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். தமிழில் எழுதுகிறேன்.

“டெஸ், ஆரணி உன்னைத் தொட்டபோது எப்படி இருந்தாள்?”

“களைத்திருந்தாள்” என்றாள்.

“வேறு?”

“நான் சொன்னால் நாங்கள் ஓடமாட்டோம், அப்படித்தானே?”

இந்த இடத்தில் நான் வேறு விதமாகவும் பேசியிருக்கலாம். உன் பதிலால் மட்டும் எதுவும் முடிவாகாது, சும்மா கேட்கிறேன் என்று மழுப்பியிருக்கலாம். அப்படிக் கேட்டால் பதில் சுலபமாக வரும். ஆனால் என்ன விலை என்று தெரியாமல் ஒருவரிடமிருந்து உண்மையை வாங்கினால், பிறகு அவர் முகத்தில் நாம் விழிக்க முடியாது.

“நீ என்ன சொல்கிறாய் என்பதைப் பொறுத்தது. ஓடாமலும் போகலாம்” என்றேன்.

“அப்படியானால் மற்ற இரண்டு பேரும் போவார்கள்.”

“போவார்கள்.”

“எனக்கு அடுத்த தடவை இல்லை.”

“தெரியும்.”

குடிசைக்குள் யாரோ மெழுகைச் சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டெஸ் கையுறைகளைக் கழற்றினாள். திரும்பப் போட்டாள்.

“அவள் என்னிடம் வரவில்லை” என்றாள். “பக்கத்தில் நின்ற ஜப்பான்காரியிடம் போய்க் கையை நீட்டினாள். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாக ஒன்றாக ஓடுகிறோம், ஒரே அறையில் படுக்கிறோம். யாரோ தெருவில் போகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இன்னொரு தடவை கத்தினேன். அப்போதுதான் வந்து தொட்டாள்.”

நெற்றிப்பட்டியைக் கழற்றிக் கையில் சுருட்டினாள்.

“ஏற்றத்தில் ஓடும்போதெல்லாம் அந்த முகம்தான். கோட்டைத் தாண்டிய பிறகு, அது வெறும் களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ வந்து கேட்காவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.”

“இதை நீ சொன்னதாக யாருக்கும் சொல்லமாட்டேன். முடிவு என்னுடையது.”

“சரி” என்றாள். பிறகு, “இப்போது போய்விடு. என்னைப் பார்த்துக்கொண்டு நிற்காதே” என்றாள்.

போனேன்.

முதலில் பயிற்சியாளரிடம் சொன்னேன். ஓட்டத்தின்போதே அவளுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது என்று அறிந்தேன், ஓடவிட மாட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். யார் சொன்னது என்று கேட்க வாயெடுத்தார். மெழுகுக் குடிசைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கேட்கவில்லை. விலகுவதாகச் சொல்லப் போட்டி அலுவலகத்துக்கு நடந்தார்.

ஆரணியிடம் சொல்வது நான் செய்த வேலைகளிலேயே கடினமானது. அவள் இறுதி ஓட்டத்துக்கான இலக்கச் சட்டையை ஏற்கெனவே போட்டிருந்தாள்.

“டெஸ்ட் எல்லாம் பாஸ் பண்ணினனான் அன்ரி.”

“ஓம் பிள்ளை.”

“டொக்டரும் ஓகே எண்டவர்.”

“ஓம்.”

“அப்ப ஆர் சொன்னது?”

“நான்தான் முடிவெடுத்தனான்.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். “டெஸ்ஸுக்கு இதுதான் கடைசி, தெரியுமே உங்களுக்கு? நீங்கள் என்னை மட்டும் நிப்பாட்டேல்லை” என்றாள். தகப்பன் அவள் தோளில் கைவைத்தபடி என்னைப் பார்த்தார். “இனி எங்கட வீட்டுப் பக்கம் வராதேங்கோ” என்றார்.

“வரேல்லை அண்ணை. ஆனா இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்.”

“என்ர பிள்ளையை நான் கொண்டுபோவன்.”

அவர் காரின் முன்கதவைத் திறந்து மகளை ஏற்றப்போனார். அவளைப் பின்னால் இருத்தச் சொல்லி, கேளாமலே நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். இதைக் கவனியுங்கள்: தடை சொன்னதோடு நம் வேலை முடிவதில்லை. அவர்கள் நம் முகத்தைப் பார்க்க விரும்பாத அந்த நேரத்தில்தான் நாம் பக்கத்தில் இருக்கவேண்டும்.

கார் புறப்படும்போது இறுதி ஓட்டத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கைமாறும் இடத்தில் டெஸ் நின்றாள். எங்கள் மற்ற இணையில் ஒருத்தியின் கோல்களைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மலையிலிருந்து இறங்கும் பாதை வளைவுகள் நிறைந்தது. பனி குறைந்து, யூகலிப்டஸ் மரங்கள் வரத் தொடங்கின. பிறகு ஆரணி கேட்டாள்.

“அப்பா, டெஸ் எத்தினையாவது வந்தவா?”

சிவநேசன் அண்ணை பின்பார்வைக் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “இரண்டாவது, பிள்ளை.”

“அப்ப ஃபைனலுக்குப் போயிட்டம்.”

இன்னும் சில வளைவுகள் போயின. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்படியே மறுபடியும் கேட்டாள்.

“அப்பா, டெஸ் எத்தினையாவது வந்தவா?”

அவர் காரின் வேகத்தைக் குறைத்தார். குரலை மாற்றாமல், அதே மென்மையோடு சொன்னார்: “இரண்டாவது, பிள்ளை.”

“ஃபைனல் எத்தினை மணிக்கு?”

“இன்னும் நேரமிருக்கு. நீ சாய்ஞ்சு படு.”

மலையடிவார ஊர் வரும்வரை அவள் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலவே அவர் பதில் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தியபிறகு அவரால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. நான் இறங்கிக் கதவைத் திறந்து அவளைப் பிடித்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “தங்கச்சி” என்றார்.

அங்கிருந்து அம்புலன்சில் மெல்பேர்ணுக்கு அனுப்பினார்கள். ஸ்கான் எடுத்தார்கள். மூளையில் இரத்தக்கசிவு இல்லை. கன்கஷன், தலைக்குள் ஒரு குலுக்கம். மறுபடி அடிபடாமல் இருந்தது நல்லது என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். இறுதி ஓட்டத்தில் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதே திருப்பத்தில் இன்னும் மூன்று தடவை இறங்கியிருப்பாள். ஒன்றும் நடவாமலும் போயிருக்கலாம். நாம் நிறுத்திய ஓட்டம் எப்படி முடிந்திருக்கும் என்று நமக்கு ஒருபோதும் தெரியவராது. இந்த வேலையில் அந்தத் தெரியாமையோடு வாழப் பழகவேண்டும்.

மற்ற இணை உலகப் போட்டிக்குப் போனது. டெஸ் சொன்னபடியே விலகினாள். பிரியாவிடை விருந்து வைக்கலாம் என்றபோது, பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்று மறுத்துவிட்டாள்.

ஆரணிக்குத் தலையிடி போக மாதங்கள் எடுத்தன. ஒரு பருவம் முழுவதும் ஓடவில்லை. பிறகு வேறு துணையோடு திரும்பி வந்தாள். என்னோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். வேறொரு பிசியோ இருந்தால் அவரிடம் போவாள். அந்தக் கார்ப்பயணம் அவள் நினைவில் இல்லை. சிவநேசன் அண்ணை சொல்லிப் பார்த்தாராம். “அது பிறகு வந்தது, அந்த நேரம் நான் நல்லாத்தான் இருந்தனான்” என்று விடுவாளாம். அவர் எங்கள் வீட்டுக்கு வரப்போகத் தொடங்கிவிட்டார். அவள் வரவில்லை. யார் சொன்னது என்ற ஒரு விடையைக் கொடுத்திருந்தால் அவளுடைய கோபம் என்னைவிட்டுப் போயிருக்கும். எத்தனையோ தடவை நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் கோபம் டெஸ்ஸிடம்தான் போகும் என்று தெரிந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவள் உலகப் போட்டிக்குத் தெரிவானாள். புறப்படுமுன் ஒருநாள் செவன் ஹில்ஸ் கிளினிக்குக்கு வந்தாள். முன்பதிவு இல்லை. கடைசி நோயாளி போகும்வரை வெளியே கதிரையில் இருந்துவிட்டு உள்ளே வந்தாள்.

“அன்ரி, நான் விழுந்த பிறகு என்ர முகத்தைப் பாத்தது ஒரு ஆள்தான்” என்றாள்.

நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

“நீங்கள் சொல்ல வேண்டாம். எனக்கு அப்பவே தெரியும் எண்டு நினைக்கிறன். டெஸ்ஸோட கோவிச்சா எனக்கு ஒருத்தரும் மிச்சமில்லை. அதுதான் உங்களோட கோவிச்சனான்.”

“கோவிச்சது பரவாயில்லை பிள்ளை.”

“போன கிழமை மெல்பேர்ணுக்குப் போனனான். அவான்ர பள்ளிக்கூடத்துக்கு. பிள்ளையள் போன பிறகு அந்தச் சின்னக் கதிரையளில இருந்து கதைச்சனாங்கள். நான் கேட்டனான், நீதானே சொன்னது எண்டு. ஓம் எண்டவா. மன்னிப்பும் கேக்கேல்லை, ஏன் எண்டும் சொல்லேல்லை. நானும் தாங்க்ஸ் சொல்லேல்லை.”

நான் துணியை மடித்து வைத்துவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

“பிறகு நான் சொன்னனான், எனக்கு அண்டைக்கு ஒண்டும் ஞாபகமில்லை, நீ ஓடின அந்தக் கடைசிச் சுற்றை நான் பாக்கவேயில்லை எண்டு. அவாக்கு அது தெரியாது அன்ரி. நான் கோட்டில நிண்டு பாத்துக்கொண்டிருந்தனான் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சவாவாம்.”

“என்ன சொன்னவா?”

“எழும்பிப் போய் வெண்பலகையில அந்தப் பாதையைக் கீறினவா. ஏற்றம், மேட்டு வளைவு, நேர்ப்பாதை எல்லாம். எந்த இடத்தில ஆரை முந்தினவா, எந்த இடத்தில கால் செத்துப்போச்சு, எந்த இடத்தில ஏலாது எண்டு நினைச்சவா எண்டு தொடக்கத்திலயிருந்து சொன்னவா. ஒருத்தருக்கும் இதுவரைக்கும் சொன்னதில்லையாம்.”

அவள் கண்களைத் துடைக்கவில்லை.

“முழுச் சுற்றையும் சொன்னவா, அன்ரி. நான் கேட்டுக்கொண்டிருந்தனான்.”